திரையைப் பார்த்து மதிப்பெண் போடலாமா? கன்சோல் வெளியீட்டைப் பிடித்துச் சோதிக்கும் முறை – ஒரு திறனாய்வு



இந்த முறை நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது ஒரு சிறுகதையோ கவிதையோ இல்லை. ஒரு சோதனை முறை. மாணவர் எழுதிய நிரலைத் தொகுத்து, ஓட்டி, அது கன்சோல் திரையில் எழுதுவதை அப்படியே பிடித்து, ஆசிரியர் முன்பே எழுதி வைத்த விடையோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஓர் எழுத்து மாறினாலும் தவறு. தானாகத் திருத்தும் கருவிகள் பலவும் நிரலாக்கப் போட்டிகள் பலவும் இந்த முறையைத்தான் நம்பியிருக்கின்றன. வகுப்புக்காக ஆசிரியர்கள் சொந்தமாக எழுதும் சின்னச் சின்ன சோதனைகளும் அப்படித்தான்.

கேள்வி இதுதான்: இந்த முறை எதை அளக்குது? மாணவர் கணக்கைச் சரியாக யோசித்தாரா என்பதையா, அல்லது காலி இடத்தைச் சரியான இடத்தில் விட்டாரா என்பதையா? மதிப்பெண் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதல் பாடத்திலேயே தொடங்கும் பழக்கம்

நிரலாக்கம் கற்பவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது "ஹலோ வேர்ல்ட்" நிரல். கெர்னிகனும் ரிச்சியும் எழுதி 1978-இல் வெளிவந்த சி மொழி நூல்தான் இந்த வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. நல்ல தொடக்கம்தான். தொகுப்பி வேலை செய்யுதா, நிரல் ஓடுதா என்று ஒரே வரியில் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த முதல் பாடம் இன்னொன்றையும் சத்தமில்லாமல் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நிரல் என்றால் திரையில் எதையாவது எழுதுவது என்ற எண்ணம் மனசில் பதிந்துவிடுகிறது. எஸ்.பி.எம். கணினி அறிவியலில் ஜாவா எழுதும் படிவம் 4 மாணவரின் பயிற்சிகளைப் புரட்டிப் பாருங்கள். மெயின் என்ற ஒரே மெத்தடுக்குள் உள்ளீடு வாங்குவார், கணக்கிடுவார், அங்கேயே சிஸ்டம்.அவுட் வழியாக விடையையும் எழுதிவிடுவார். மூன்று வேலையும் ஒரே இடத்தில். சிங்கப்பூரில் கம்ப்யூட்டிங் பாடத்தில் பைத்தான் எழுதுபவர்களுக்கும் இதே கதைதான்.

இப்படி எழுதிய நிரலை எப்படிச் சோதிப்பது? கணக்கின் விடை எந்த மெத்தடிலிருந்தும் திரும்பி வருவதில்லை. அது வெளியே வரும் ஒரே வழி திரைதான். அதனால்தான் ஆசிரியர் திரையைப் பிடிக்கப் போகிறார். இந்த முறை பிறப்பதே நிரலின் அமைப்பில் உள்ள குறையால்தான் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்வோம்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

ஜாவாவில் ஐந்து படிகள். சிஸ்டம்.அவுட் இப்போது எங்கே எழுதுகிறதோ அதை ஒரு மாறியில் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு நினைவகத்தில் எழுதும் பைட்அரேஅவுட்புட்ஸ்ட்ரீம் ஒன்றை உருவாக்கி, பிரிண்ட்ஸ்ட்ரீம் ஒன்றால் சுற்றி, சிஸ்டம்.செட்அவுட் மூலம் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். அதன்பின் மாணவரின் மெயினை அழைக்க வேண்டும். அடுத்து, பத்திரப்படுத்திய பழையதைத் திரும்ப வைக்க வேண்டும். கடைசியாகப் பிடிபட்ட பைட்டுகளைச் சரமாக்கி, ஜேயூனிட்டின் அசர்ட்ஈக்வல்ஸ் மூலம் ஒப்பிட வேண்டும்.

நான்காவது படியைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். மாணவரின் நிரல் நடுவில் எக்செப்ஷன் வீசினாலும் பழையது திரும்பி வந்தாக வேண்டும். அதனால் அதை ஃபைனலி பகுதியிலோ, ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ஓடும் மெத்தடிலோ வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த சோதனைகள் எழுதும் செய்திகள் எல்லாம் எங்கேயோ காணாமல் போகும். இன்னொன்று, சிஸ்டம்.அவுட் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா இயந்திரம் முழுமைக்கும் பொதுவானது. இரண்டு சோதனைகளை ஒரே நேரத்தில் இணையாக ஓட்டினால் ஒருவர் எழுதியது இன்னொருவர் விடைத்தாளில் கலந்துவிடும்.

மற்ற மொழிகளிலும் வழி இருக்கு, அங்கங்கே ஒரு சிக்கலும் இருக்கு. சி++ மொழியில் சிஅவுட்டின் பின்னால் உள்ள இடையகத்தை மாற்றி வைக்கலாம். ஆனால் மாணவர் பிரிண்ட்எஃப் பயன்படுத்தியிருந்தால் அது பிடிபடாமல் நேரே திரைக்குப் போய்விடும். கூகுள்டெஸ்ட் நூலகத்தில் வெளியீட்டைப் பிடிக்கும் வசதி உண்டு. ஆனால் அதை "இன்டர்னல்" என்ற பெயர்வெளிக்குள், அதாவது தங்கள் உள்வேலைக்கு என்று வைத்திருக்கிறார்கள். கோ மொழி இதை வெளிப்படையாகவே வரவேற்கிறது. எடுத்துக்காட்டுச் செயற்கூற்றின் முடிவில் எதிர்பார்க்கும் வெளியீட்டைக் குறிப்புரையாக எழுதினால், சோதனைக் கருவியே ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்துவிடும். அதுவும் முன்னும் பின்னும் உள்ள காலி இடங்களைப் பொருட்படுத்தாமல்தான் ஒப்பிடும். அந்தச் சின்ன தாராளத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். நம் சோதனைகளில் பெரும்பாலும் இல்லாதது அதுதான்.

இரண்டு விடைத்தாள்கள்

வினா இது: மூன்று பாடங்களின் மதிப்பெண்களை வாங்கி, சராசரியை இரண்டு தசம இடங்களோடு காட்டு. ஆசிரியரின் சோதனைத் தரவு 70, 80, 90. எதிர்பார்க்கும் வரி "சராசரி: 80.00".

முதல் மாணவர் கூட்டுத்தொகையை 3.0-ஆல் வகுக்கிறார். கணக்கு முழுக்கச் சரி. அச்சிடும்போது முக்காற்புள்ளிக்குப் பிறகு இடம் விடவில்லை. "சராசரி:80.00" என்று வருகிறது. சோதனை சொல்கிறது: தவறு.

இரண்டாம் மாணவர் முழு எண்ணை முழு எண்ணான 3-ஆல் வகுத்து, விடையை டபுள் மாறியில் வைக்கிறார். ஜாவாவில் இரண்டு முழு எண்களை வகுத்தால் தசமப் பகுதி வெட்டுப்பட்டுவிடும். டபுளில் வைக்கும் முன்பே அது போய்விட்டது. ஆனால் 70, 80, 90 கூட்டினால் 240. மூன்றால் மீதியில்லாமல் வகுபடுகிறது. திரையில் "சராசரி: 80.00" என்று அழகாக வருகிறது. சோதனை சொல்கிறது: சரி.

யோசிச்சுப் பாருங்க. சரியாகச் சிந்தித்தவர் தோற்றார். தர்க்கப் பிழை செய்தவர் ஜெயித்தார். தரவை 70, 80, 82 என்று மாற்றியிருந்தால் இரண்டாமவருக்கு 77.33-க்குப் பதிலாக 77.00 வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆகவே தரவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறை உண்டு. ஆனால் தரவை மாற்றினாலும் முதல் மாணவருக்கு நியாயம் கிடைக்காது. அவர் எத்தனை தரவு கொடுத்தாலும் அந்த ஒரு காலி இடத்தால் தோற்றுக்கொண்டேதான் இருப்பார்.

மொழி ஆசிரியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டுரை திருத்தும்போது கருத்துக்கு ஒரு மதிப்பெண், மொழிக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துத்தான் போடுகிறோம். ஒற்றுப்பிழை ஒன்று இருக்கிறது என்பதற்காக முழுக் கட்டுரைக்கும் சுழியம் போடுவோமா? மாட்டோம். போட்டி நடத்துபவர்களும் இந்தச் சங்கடத்தை உணர்ந்திருக்கிறார்கள். விடை சரி, வடிவம்தான் தவறு என்று சொல்ல "வடிவப் பிழை" என்ற தனித் தீர்ப்பையே சில தீர்ப்புப் பொறிகள் வைத்திருந்தன.

"திரையில் வந்துச்சே, சோதனையில் வரலையே?"

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒன்று, விசைப்பலகையின் எதிரொலி. நீங்கள் "முதல் எண்: " என்று கேட்டு, பயனர் 5 என்று தட்டி என்டர் அழுத்தினால், திரையில் 5 தெரியும், வரியும் மாறும். அந்த 5-ஐயும் வரி மாற்றத்தையும் காட்டுவது டெர்மினல். உங்கள் நிரல் அதை எழுதவில்லை. சோதனையில் உள்ளீடு கோப்பிலிருந்தோ நினைவகத்திலிருந்தோ வரும்போது அந்த எதிரொலி இருக்காது. பிடிபடும் வெளியீடு "முதல் எண்: இரண்டாம் எண்: கூட்டுத்தொகை: 12" என்று ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிரல் கெட்டுப்போகவில்லை. அது எழுதியது எப்போதும் அவ்வளவுதான்.

இரண்டு, வரி முடிவு. விண்டோஸில் ஜாவாவின் பிரிண்ட்எல்என் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறிகளை எழுதும். லினக்ஸிலும் மேக்கிலும் ஒரே குறி. ஆசிரியர் ஒரு கணினியில் எழுதிய எதிர்பார்ப்பை மாணவர் வேறு கணினியில் ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியால் சோதனை தோற்கும். ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் வரி முடிவுகளை ஒரே மாதிரி மாற்றிக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு. மாணவருடையது இல்லை.

மூன்று, இடையகம். சி மொழி நிரல் பொதுவாக டெர்மினலுக்கு எழுதும்போது வரிக்கு வரி வெளியே தள்ளும். கோப்புக்கோ வேறு நிரலுக்கோ எழுதும்போது நிறையச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தள்ளும். நிரல் நடுவில் நொறுங்கி விழுந்தால், சேர்த்து வைத்தது வெளியே வராமலே போய்விடும். திரையில் நான்கு வரி பார்த்த மாணவர், சோதனையில் ஒரு வரிகூட இல்லை என்று சண்டை போடுவார். அவர் சொல்வதும் உண்மை, சோதனை சொல்வதும் உண்மை.

தமிழில் எழுதினால் இன்னும் இரண்டு சிக்கல்

நம் மாணவர்கள் ஆர்வமாகத் தமிழிலேயே விடையை அச்சிடும்போது இந்தச் சோதனை முறையின் பலவீனம் நன்றாகத் தெரியும்.

முதல் சிக்கல் எழுத்துக் குறியாக்கம். ஜாவா 18 வெளிவந்த 2022 முதல் இயல்புக் குறியாக்கம் யூடிஎஃப்-8. அதற்கு முந்தைய பதிப்புகள் இயங்குதளத்தின் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஆங்கில அமைப்புள்ள விண்டோஸ் கணினியில் அதில் பொதுவாகத் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதில் ஆபத்து எங்கே? "வெற்றி" என்ற சொல்லை எண்ணுங்கள்: வ, எகரக் கொம்பு, ற, புள்ளி, ற, இகரக் குறி. மொத்தம் ஆறு குறிகள். "தோல்வி": த, ஓகாரக் குறி, ல, புள்ளி, வ, இகரக் குறி. இதுவும் ஆறு. இரண்டும் "??????" என்றே பிடிபடும். முன்பு ஓட்டிச் சேமித்த வெளியீட்டுக் கோப்போடு பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் சோதனைக்கு வெற்றியும் தோல்வியும் ஒன்றுதான். பச்சை விளக்கு எரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பிடிக்கும்போதும் சரமாக்கும்போதும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவது இதற்கு மருந்து.

இரண்டாவது, ஒரே எழுத்தை இரண்டு வழியில் எழுத முடிவது. யூனிகோடில் "கோ" என்பதைக் ககரம், ஓகாரக் குறி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அசர்ட்ஈக்வல்ஸுக்கு இரண்டும் வேறு. ஜாவாவில் உள்ள நார்மலைசர் என்ற வகுப்பைக் கொண்டு இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஔகாரத்தில் மட்டும் நார்மலைசரும் உதவாது. "கௌ" என்பதை முறையான ஔகாரக் குறியோடு எழுதாமல், கொம்பு போட்டு அதன்பின் ளகரத்தைத் தட்டுபவர்கள் நம்மில் எத்தனை பேர்! பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் யூனிகோடு அவற்றை ஒன்றாக ஏற்பதில்லை. அங்கே தவறு உண்மையிலேயே எழுத்துப்பிழை. "கெள" என்று எழுதுவதை வகுப்பில் திருத்தும் தமிழாசிரியருக்கு இங்கே ஒரு தொழில்நுட்பச் சான்று கிடைத்துவிட்டது.

முறையின் பெருமையையும் சொல்ல வேண்டும்

குறையை மட்டும் சொன்னால் அது திறனாய்வாகாது. இந்த முறைக்கு மூன்று நல்ல பயன்கள் உண்டு.

பயனர் உண்மையில் பார்ப்பது எதுவோ அதையே இது சோதிக்கிறது. உள்ளே மெத்தடுகள் எல்லாம் சரியாக இருந்து, கடைசியில் அச்சிட மறந்துவிட்டால் வேறு எந்தச் சோதனையும் கண்டுபிடிக்காது. இது கண்டுபிடிக்கும்.

தொகுக்கப்பட்ட நிரலை மூல நிரல் இல்லாமலே சோதிக்கலாம். சி, ஜாவா, பாஸ்கல் எதில் எழுதியிருந்தாலும் ஒரே சோதனை போதும். பல மொழிகளை அனுமதிக்கும் போட்டிகளுக்கு இது பெரிய வசதி.

சில வினாக்களில் வடிவமே விடை. நட்சத்திரக் குறிகளால் முக்கோணம் வரை என்று கேட்டால், உள்ளமைந்த மடக்கு சரியா என்பதற்குச் சான்று அந்தக் காலி இடங்கள்தான். அங்கே ஓர் இடம் பிசகினால் அது தர்க்கப் பிழையே. கண்டிப்பாக ஒப்பிடுவது நியாயம்.

எனவே முறையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எங்கே வடிவம் விடையின் பகுதியோ அங்கே அது பொருத்தம். எங்கே வடிவம் வெறும் உறையோ அங்கே அதை நம்பி மதிப்பெண் போடுவது பொருத்தமில்லை.

வேறு என்ன செய்யலாம்?

தீர்வு சோதனையில் தொடங்குவதில்லை, நிரலை எழுதும் விதத்தில் தொடங்குகிறது. சராசரி நிரலையே மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மூன்று எண்களை வாங்கி டபுள் ஒன்றைத் திருப்பித் தரும் மெத்தட் முதலாவது. அந்த டபுளை வாங்கி "சராசரி: 77.33" என்ற சரத்தைத் திருப்பித் தரும் மெத்தட் இரண்டாவது. உள்ளீட்டை வாங்கி, இரண்டையும் அழைத்து, அச்சிட மட்டும் செய்யும் மெயின் மூன்றாவது.

இப்போது முதலாவதைச் சோதிக்கத் திரையே வேண்டாம். அசர்ட்ஈக்வல்ஸில் எதிர்பார்ப்பு 77.33, கிடைத்தது, அனுமதிக்கும் வேறுபாடு 0.01 என்று மூன்று மதிப்புகள் கொடுத்தால் போதும். காலி இடம் பற்றிய பேச்சே வராது. முழு எண் வகுத்தல் பிழை உடனே மாட்டிக்கொள்ளும். இரண்டாவதை ஒரு சரத்தோடு ஒப்பிடலாம். வடிவ மதிப்பெண் அங்கே. மெயினுக்கு மட்டும் ஒரே ஒரு பிடிக்கும் சோதனை, விடை எங்கேயாவது வருகிறதா என்று பார்ப்பதற்கு. அச்சிடும் மெத்தட் தனியாக இருந்தால், எங்கே எழுத வேண்டும் என்பதைச் சொல்லும் பிரிண்ட்ஸ்ட்ரீமை அளபுருவாகவே கொடுத்துவிடலாம். பொதுவான சிஸ்டம்.அவுட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பன்னாட்டு இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட் 1989-இல் தொடங்கியது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் சிங்கப்பூர் அதை இணையவழி நடத்தியது. இன்றைக்கு அதன் வினாக்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட பெயருள்ள செயற்கூற்றை எழுதச் சொல்கின்றன. அதை அழைத்து விடையை வாங்கிக்கொள்ளும் வேலை நடத்துபவர்களின் நிரலுடையது. வடிவத்தால் ஒரு மாணவர் தோற்கும் வாய்ப்பு அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் வகுப்பறைக்கும் இந்த வழி ஒத்துவரும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

தொடரியல் பிழை, இயக்க நேரப் பிழை, தர்க்கப் பிழை என்ற மூன்றையும் படித்திருப்பீர்கள். சோதனை "தவறு" என்று சொன்னதும் தர்க்கப் பிழை என்று முடிவு கட்டி, சரியாக இருக்கும் கணக்கைக் கலைத்துவிடாதீர்கள். முதலில் எதிர்பார்ப்பையும் கிடைத்ததையும் அருகருகே வைத்துக் காலி இடம், வரி முடிவு, எழுத்து என்று பாருங்கள். எண்கள் ஒத்துப்போனால் கணக்கைத் தொடாதீர்கள். அதேபோல், வினாவில் மாதிரி வெளியீடு கொடுத்திருந்தால் ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். இந்த முறையின் குறை தெரிந்தது என்பதற்காகத் தேர்வறையில் அதோடு சண்டை போட வேண்டாம்.

வகுப்பில் செய்து பார்க்க

1. மேலே சொன்ன இரண்டு மாணவர்களின் நிரல்களையும் எழுதுங்கள். எந்த மூன்று எண்களைக் கொடுத்தால் இரண்டாமவரின் பிழை மறையும், எவற்றைக் கொடுத்தால் வெளிப்படும் என்று குழுவாகக் கண்டுபிடியுங்கள்.

2. ஏற்கெனவே எழுதிய பயிற்சி நிரல் ஒன்றை எடுத்து, கணக்கிடுவதை ஒரு மெத்தடாகவும் சரமாக்குவதை இன்னொன்றாகவும் பிரியுங்கள். பிரித்த பிறகு எத்தனை சோதனைகளுக்குத் திரை தேவைப்படவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.

3. "வெற்றி", "தோல்வி" போல ஒரே எண்ணிக்கையில் குறிகள் உள்ள எதிர்ச்சொல் இணை இன்னொன்றைத் தேடுங்கள். இதைத் தமிழ் வகுப்பிலும் செய்யலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சோதனை எழுதும்போது, முதலில் சரியான நிரல் ஒன்றை வேண்டுமென்றே வேறு வடிவத்தில் அச்சிட வைத்தும், தவறான நிரல் ஒன்றை அழகாக அச்சிட வைத்தும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் சோதனை எந்த மாணவருக்கு மதிப்பெண் கொடுக்கிறது என்று தெரிந்த பிறகு வகுப்புக்குக் கொடுங்கள்.